பாலைவனத்தில் விண்மீன் பார்க்க: மாதத்துக்கு முன்னால் பிறையைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: வழிகாட்டியோடு ஒரு நாள் பாலைவனப் பயணம். காலையில் கிளம்பி, பாறைகளும் மணல்மேடுகளும் சுற்றி, சூரியன் மறைவதைப் பார்த்து, கடைசியில் ஒரு மணி நேரம் விண்மீன் பார்த்துவிட்டு இரவே விடுதிக்குத் திரும்ப வேண்டும். அறுபதைத் தாண்டிய பெற்றோரும் பத்து வயது மகளும் உடன் வருகிறார்கள். எந்த மாதம் போகலாம், தொலைநோக்கி அவசியமா, வழிகாட்டி தேவைதானா?

எந்த மாதம் என்று கேட்கிறீர்கள். நான் முதலில் எந்தத் தேதி என்று கேட்பேன். எந்தப் பாலைவனம், எந்த நிறுவனம், ஒட்டகமா ஜீப்பா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். முழு நிலா காயும் இரவில் உலகின் தலைசிறந்த பாலைவனத்துக்குப் போனாலும் விண்மீன்களில் பெரும்பங்கு தெரியாது. நிலா இல்லாத இரவில் சுமாரான பாலைவனத்தில்கூட வாயடைத்து நிற்பீர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலாகப் போனது பௌர்ணமிக்கு முந்தின நாள். ஏற்பாடு செய்தவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கூடுதல் சிறப்பாகவே சொன்னார். நிலவில் மணல் வெள்ளித் தகடாக மின்னும் என்றார். மின்னத்தான் செய்தது. ஒட்டகத்தின் நிழல் மணலில் மை பூசியது போல் விழுந்தது. ஆனால் அண்ணாந்து பார்த்தால், நகரத்து மொட்டைமாடியில் தெரிவதைவிடக் கொஞ்சம் கூடுதலான மீன்கள், அவ்வளவுதான். போதாததற்குக் கூடாரங்களைச் சுற்றிச் சரவிளக்கு, ஒரு ஜெனரேட்டர், ஒலிபெருக்கி. வழிகாட்டி பச்சை லேசரால் எதையோ சுட்டிக்காட்டினார். லேசர் தெரிந்தது, சுட்டியது தெரியவில்லை.

கணக்கு எளிது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே 29½ நாள். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழும். பௌர்ணமியன்று சூரியன் விழும்போதே எழுகிற நிலா, ஐந்து நாள் கழித்து இரவு பத்து மணியை ஒட்டித்தான் தலைகாட்டும். ஆகவே பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாளில் தொடங்கி, அமாவாசையைக் கடந்து, மூன்றாம் பிறை வரை ஏறக்குறைய 12, 13 நாள் உங்களுக்கு நல்ல இரவுகள். மூன்றாம் பிறையைத் தவிர்க்க வேண்டியதில்லை. சூரியன் மறைந்து இரண்டு மணி நேரத்துக்குள் அதுவும் போய்விடும். போகும் முன் கீற்றுக்குள்ளே நிலாவின் இருண்ட பகுதியும் சாம்பல் வண்ணத்தில் மங்கலாகத் தெரியும். அது பூமியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். அரை நிலாவன்று மட்டும்தான் இடம் கிடைக்கிறது என்றால் மோசம் போய்விடவில்லை. அரை நிலாவின் ஒளி முழு நிலாவின் ஒளியில் பாதி இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பக்கவாட்டில் வெயில் படும்போது அங்குள்ள பள்ளங்களும் மேடுகளும் தம் நிழலாலேயே வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கின்றன. இருந்தாலும் பால்வீதியை மங்கச் செய்ய அந்தப் பத்தில் ஒரு பங்கே போதும்.

தேதிக்கு அடுத்தது நேரம். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். சூரியன் மறைந்தவுடன் இருட்டிவிடுவதில்லை. தொடுவானத்துக்குக் கீழே 18 டிகிரி இறங்கிய பிறகுதான் அதன் கடைசி வெளிச்சமும் வானத்தை விட்டுப் போகிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் இதற்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். வடக்கேயோ தெற்கேயோ தள்ளிப் போகப் போக, அதுவும் கோடையில், இன்னும் நீளும். பல நிறுவனங்களின் நிகழ்ச்சி நிரலில் ஆறரைக்கு அஸ்தமனம், ஏழரைக்கு விண்மீன், எட்டரைக்குப் புறப்பாடு என்று இருக்கும். அதன்படி போனால் உண்மையான இருட்டில் உங்களுக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதிலும் பாதியைக் கண் பழகுவதற்கே கொடுக்க வேண்டும். சூரியன் மறையும் நேரத்துக்கும் வண்டி திரும்பும் நேரத்துக்கும் நடுவே இரண்டரை மணி நேரமாவது இல்லையென்றால், நீங்கள் வாங்குவது அஸ்தமனப் பயணம். விண்மீன் அதற்குக் கொசுறு. பணம் கட்டும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

கண் பழகுவது என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். இருட்டில் பாவை விரிவது சில நொடி வேலை. உண்மையான மாற்றம் விழித்திரையில் நடக்கிறது. நிறம் காணும் கூம்புச் செல்கள் பத்து நிமிடத்தில் தங்களால் முடிந்த அளவு பழகி நின்றுவிடும். மங்கலான ஒளியைக் காணும் குச்சிச் செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி மறுபடி ஊற வேண்டும். அதற்கு 20 முதல் 30 நிமிடம், முழுமையாகப் பழக அதற்கும் மேல். யாராவது ஒருவர் மணி பார்க்கக் கைபேசியை எடுத்தால் போதும், கூடியிருந்த அத்தனை பேரின் அரை மணி நேரமும் வீண். சிவப்பு ஒளி குச்சிச் செல்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால்தான் அனுபவசாலிகள் சிவப்பு விளக்கு வைத்திருப்பார்கள். சாதாரண டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டினாலும் ஆகும். உங்கள் பெற்றோருக்கு வானம் ஒரு பங்கு மங்கலாகத் தெரியலாம். இளவயதில் இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் பாவை, வயதாக ஆக 5 மில்லிமீட்டரோடு நின்றுவிடுவது உண்டு. அவர்கள் கையில் ஒரு பைனாகுலர் இருக்கட்டும்.

இப்போது மாதம். பூமியின் வட பாதியில் உள்ள பாலைவனங்களுக்கு, தார், சகாரா, ஜோர்டானின் வாதி ரம் எதுவானாலும், மக்கள் போவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் அங்கே பகலைத் தாங்க முடியாது. ஆனால் படங்களில் நாம் பார்த்து மயங்கும் பால்வீதியின் தடித்த நடுப்பகுதி தனுசு, விருச்சிகப் பக்கம் இருக்கிறது. அது மாலை வானில் உயர்ந்து நிற்பது ஜூன் முதல் ஆகஸ்டு வரை. குளிர்காலத்தில் அது சூரியனோடு பகலில் போய்விடும். ஆக, வட பாலைவனங்களில் வசதியான மாதங்களும் அந்தக் காட்சிக்கான மாதங்களும் ஒத்துப் போவதில்லை. டிசம்பரில் போய்விட்டு, 'படத்தில் பார்த்தது வரவில்லையே' என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்போது கிடைப்பது வேறு: வேட்டைக்காரன் உருவத்தில் நிற்கும் ஓரியன் விண்மீன் கூட்டம், கார்த்திகைக் கூட்டம், வானத்து விண்மீன்களிலேயே மிகப் பிரகாசமான சிரியஸ், பால்வீதியின் மெலிந்த பக்கம். அதுவும் அழகுதான். டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட் எரிகற்கள் வேறு விழும். அந்த ஆண்டு நிலாவும் ஒத்துழைத்தால் அந்த இரவை விடாதீர்கள்.

தென் பாதியில் இந்தச் சிக்கல் இல்லை. சிலியின் அட்டகாமாவிலும் நமீபியாவின் நமீப்பிலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம். பகல் இதமாக இருக்கும், இரவு நீளமாக இருக்கும், பால்வீதியின் நடுப்பகுதி நேர் உச்சிக்கு வந்து நிற்கும். அங்கே மாகெல்லன் மேகங்கள் என்ற இரண்டு குட்டி விண்மீன் மண்டலங்களையும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். கிழிந்த பஞ்சுத் துண்டு போல இருக்கும். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ போனால் ஓரியன் தலைகீழாக நிற்பதைப் பார்த்து உங்கள் மகள் சிரிப்பாள். ஆனால் உயரமான அட்டகாமாவில் அந்த இரு மாதங்களில்தான் மேகமும் மழையும் வரும். அதனால் வானத்துக்காகவே ஒரு தடவை செலவு செய்யப் போகிறீர்கள் என்றால் தெற்கே போங்கள் என்பேன். வேறு காரணத்துக்காக வடக்கே போகிறீர்கள் என்றால், அக்டோபரின் இருண்ட வாரங்களைப் பாருங்கள். வெயில் இறங்கியிருக்கும், இருட்டியதும் தென்மேற்கில் தனுசு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும், கிழக்கே ஆண்ட்ரோமீடா மண்டலம் ஏறி வந்துகொண்டிருக்கும். வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒரு திட்டாகத் தெரியும் அதன் ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டு ஆகிறது.

அட்டகாமாவை ஏன் எல்லாரும் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்றால், ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை மழையை மறிக்கிறது, மறுபக்கம் கடலில் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் மேகம் திரளவிடாமல் செய்கிறது. ஐரோப்பிய தெற்கு வானாய்வகம் 2,635 மீட்டர் உயரத்தில் பரனாலில் தன் பெரிய தொலைநோக்கிகளை வைத்ததும், 66 அலைவாங்கிகள் கொண்ட அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கி 5,000 மீட்டர் உயரத்தில் அமைந்ததும் இந்த வறட்சியை நம்பித்தான். பயணிகள் தங்கும் சான் பெட்ரோ ஊரே 2,400 மீட்டரில் இருக்கிறது. பகல் பயணங்கள் 4,000 மீட்டரையும் தாண்டிப் போகும். வந்து இறங்கிய மறுநாளே பெற்றோரை அங்கே ஏற்றாதீர்கள். லடாக்கின் ஹான்லேக்கும் இதே எச்சரிக்கை. இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகம் அது. 4,500 மீட்டர் உயரம். லேயிலிருந்து காலையில் போய் இரவில் திரும்பும் இடமும் அல்ல.

பாலைவனம் என்றதும் இருட்டு தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் லாஸ் வேகஸின் ஒளி, அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கு வானில் ஒரு மூலையை வெளுக்க வைக்கிறது. 2016-இல் வெளியான உலக வான்ஒளி வரைபடத்தின் கணக்குப்படி, மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத் தங்கள் வீட்டிலிருந்து பால்வீதி தெரியாது. அதனால் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, இரவில் உட்காரும் இடம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம், கூடார விளக்குகளை அணைப்பார்களா என்பது. 'அணைப்போம்' என்று உடனே பதில் வந்தால் நல்ல அறிகுறி. 'பயம் வேண்டாம், வெளிச்சம் இருக்கும்' என்று வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பகல் பொழுதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நல்ல வழிகாட்டி காலையிலும் மாலையிலும் சுற்றிக்காட்டி, நடுப்பகலில் நிழலில் உட்கார வைப்பார். உச்சி வெயிலில் மணல்மேடு ஏற்றுபவர் வழிகாட்டி அல்ல. மணலையே எதிர்பார்க்காதீர்கள், உலகின் பாலைவனப் பரப்பில் மணல் மூடியது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், மற்றதெல்லாம் பாறையும் சரளையும். மணல்மேட்டில் ஏறும்போது காற்று வீசும் பக்கத்துச் சரிவு இறுகியிருக்கும், கால் புதையாது. மறுபக்கம் 34 டிகிரி வரை சரிந்து, பொலபொலவென்று உதிரும். இறங்கி ஓட அதுதான் தோது. ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் தூக்கும். பின்னால் சாயாதவர்கள் முன்னால் போய் விழுவார்கள். இடுப்பு வலி உள்ளவர்களை ஏற்ற வேண்டாம். வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால் வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடிக்க வேண்டும், இடையில் உப்பும் சேர வேண்டும். காய்ந்த ஆற்றுப் படுகையில் நிழல் இருந்தாலும், தொலைவில் மலைமேல் மேகம் கறுத்திருந்தால் அங்கே உட்காராதீர்கள், திடீரென்று வெள்ளம் வரலாம். மகளை மாலை வண்டியிலேயே ஒரு மணி நேரம் தூங்க வைத்துவிடுங்கள். இரவில் அது கை கொடுக்கும்.

துணிமணியில் எல்லாரும் ஏமாறுவார்கள். நாற்பது டிகிரியில் கிளம்பும்போது கம்பளிச் சட்டையை யார் நினைப்பார்கள்? ஈரம் இல்லாத காற்று, தரை வெளிவிடும் வெப்பத்தைத் தடுத்து வைப்பதில்லை. மணலும் சூட்டைத் தன் மேல்தோலில்தான் வைத்திருக்கும், ஆழத்தில் சேர்த்து வைக்காது. சூரியன் போனதும் இரண்டும் சேர்ந்து கைவிட்டுவிடும். பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அசையாமல் படுத்து வானம் பார்க்கிறவருக்குக் குளிர் இன்னும் கூடுதலாக உறைக்கும். தொப்பி, காலுறை, ஆளுக்கொரு கனத்த போர்வை, கீழே விரிக்க ஒரு பாய். நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்தால் அரை மணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

வழிகாட்டி தேவையா என்றால், தேவை. வானத்துக்காக அல்ல, தரைக்காக. டயரில் எவ்வளவு காற்றைக் குறைத்தால் மணலில் வண்டி புதையாது, எந்தத் தடம் எங்கே போகிறது, தண்ணீர் எங்கே என்பது அவருக்குத்தான் தெரியும். வானம் சொல்லிக்கொடுப்பது உபரி. அதில் நல்லவர் குறைவாகத்தான் பேசுவார். இன்னொன்று: காலையிலிருந்து வண்டி ஓட்டியவரே இரவில் இரண்டு மணி நேரம் ஓட்டித் திரும்ப வேண்டுமா என்று கேளுங்கள். இருட்டில் சாலையில் விலங்குகள் நிற்கும். ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு என்றிருக்கும் ஏற்பாடே உங்கள் குடும்பத்துக்குச் சரி.

தொலைநோக்கிக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். சனியின் வளையமும், 1610-இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலாக்களும் குழந்தைக்கு ஒரு பெரிய அதிசயம்தான். அவை அன்று வானில் இருக்குமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மற்றபடி இருபது பேர் வரிசையில் நின்று, ஆளுக்குப் பத்து நொடி கண் வைத்து, சாம்பல் நிறப் புகை ஒன்றைப் பார்த்துவிட்டு வருவீர்கள். நெபுலாக்கள் என்ற விண்வெளி வாயு மேகங்களின் சிவப்பும் நீலமும் கேமராவின் நீண்ட பதிவில் வருபவை. இருட்டில் வேலை செய்யும் குச்சிச் செல்களுக்கு நிறமே தெரியாது. பால்வீதியும் கண்ணுக்கு வெளிறிய மேகம் போலத்தான் இருக்கும். அதை முன்பே தெரிந்துகொண்டு போனால் ஏமாற மாட்டீர்கள். அந்த மேகத்துக்குள் கறுத்த பள்ளங்களும் கிளைகளும் தெரியத் தொடங்கும் நிமிடம் எந்தப் படத்திலும் வராது. ஒரு 7×50 பைனாகுலர் (7 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மில்லிமீட்டர் அகலம்), நல்ல இருட்டு, அசையாமல் ஒரு மணி நேரம், இவை போதும். மங்கலான ஒன்றைப் பார்க்க அதை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். குச்சிச் செல்கள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன.

வழிகாட்டி சொல்லும் பெயர்கள் அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் பாதிப் பேர் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தவர்கள். பெட்டல்ஜூஸ் நம் திருவாதிரை, ஆன்டாரஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை, தெற்கே தாழ நிற்கும் கனோபஸ் அகத்தியர். ஆல்டெபரான் என்பது ரோகிணி. அந்தச் சொல்லுக்கு அரபு மொழியில் 'பின்தொடர்வது' என்று பொருள். கார்த்திகைக் கூட்டத்தின் பின்னாலேயே அது எழுவதால் அந்தப் பெயர். நம் நட்சத்திர வரிசையிலும் கார்த்திகைக்கு அடுத்தது ரோகிணிதானே! கார்த்திகையில் எத்தனை மீன் என்று வீட்டில் எல்லாரையும் தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஆறு வரும். உங்கள் மகளுக்கு ஏழு, எட்டு வந்தாலும் பொய் என்று நினைக்காதீர்கள்.

கடைசியாக, வழிகாட்டியிடம் புற ஊதா டார்ச் இருந்தால் கிளம்பும் முன் சுற்றியுள்ள புதரடியில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். தேள்கள் அந்த ஒளியில் பச்சையும் நீலமுமாக ஒளிரும். கண் கூசுகிற வேலையை அப்போது செய்தால் விண்மீனுக்கும் நட்டமில்லை. அதைப் பார்த்தவர்கள் யாரும், பாய் ஓரத்தில் கழற்றி வைத்த காலணியை உதறாமல் மாட்டியதை நான் பார்த்ததில்லை.